நாய்க்கடுகுக்கு ஒரு பாத்தி
(பினாங்கில், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டமொன்றில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் டத்தோ அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய துணைத்தலைவர் அவர்களே, போர்த்தக் காத்திருந்து வாய்ப்புக் கிடைக்காத பொருளாளர் அவர்களே, வணக்கம்.

மூன்று செய்திகள்: கடுகுக் குடும்பத்துச் செடியை அடையாளம் காண்பது, வகைப்படுத்துவது, சமைப்பது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது. என் பேச்சும் சிறியதுதான். டத்தோ சிரிக்கிறார், நம்பவில்லை போலும்.

ரப்பர்த் தோட்டத்தில் நாலாம் வகுப்புப் படிக்கையில், "நாளைக்குக் கடுகுச் செடி கொண்டு வா" என்றார் வாத்தியார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மஞ்சள் பூவும் நீளக் காயுமாக நின்றதை ஒரு கட்டுப் பிடுங்கினேன். கை பிசுபிசுத்தது. சட்டையில் துடைத்தேன், சட்டையும் பிசுபிசுத்தது. ரப்பர்ப் பாலை ஊற்றிவிட்டு வெறும் வாளியோடு வந்த பாட்டி ஒரு கிள்ளு கிள்ளி முகர்ந்தார். "அட கூறுகெட்டவனே, இது நாய்க்கடுகுடா! வாத்தியாருக்கு இதுலயா தாளிக்கப் போற?" லயம் முழுக்கக் கேட்கச் சிரித்தார். மறுநாள் தோட்டத்துக் கணக்கர் கிராணியே என்னை 'நாய்க்கடுகு' என்று கூப்பிட்டார். ஆறாம் வகுப்பு வரை அதுதான் என் பெயர்.

பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஆனால் 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்கு வைத்த பெயரும் 'கிளியோம் விஸ்கோசா'. விஸ்கோசா என்றால் பிசுபிசுப்பானது!

கடுகுப் பூவில் நான்கு இதழ், சிலுவை போல. மகரந்தத்தாள் 6: நான்கு நெட்டை, இரண்டு குட்டை. காயைப் பிளந்தால் நடுவே மெல்லிய சவ்வு. மீ கோரேங் நூடுல்ஸில் போடுகிற 'சாவி' கீரையைப் பூக்கவிட்டுப் பாருங்கள், இதேதான். நாய்க்கடுகுக்கும் நான்கு இதழ்தான், ஆனால் எல்லாம் மேல்பக்கம் ஒதுங்கி நிற்கும். தாள்கள் பெரும்பாலும் பத்துக்கு மேல். காயில் நடுச்சவ்வு கிடையாது.

1998இல் தாவரவியலாளர்கள் மரபணுவை ஒப்பிட்டு இதைக் கடுகோடு கூட்டுக்குடும்பமாக்கினார்கள். 2009இல் 'கிளியோமேசியே' என்று தனிக்குடித்தனம் வைத்தார்கள். நம் வீட்டுக் கதைதான்.

செடியை உங்கள் வேலியோரமே காட்டலாமென்று வந்தேன். மருந்து அடித்துக் கருக்கியிருக்கிறார்கள். அதனால் கேட்கிறேன்: தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றிலும் நாலடிக்கு நாலடி, மருந்து படாத ஒரு பாத்தி. முளைப்பது முளைக்கட்டும். பாட்டிகளை அழைத்து வாருங்கள், பெயர்களைக் கேட்டுத் தமிழில் பலகை வையுங்கள். இடம் சிறியதா? கடுகு சிறுத்தாலும் காரம் போகாது!

மணி அடித்துவிட்டார்கள், சமையல் இன்னொரு நாள். பலகைச் செலவு என்னுடையது. இடம் எது என்பதை மட்டும் தலைமையாசிரியை அவர்கள், டத்தோ முன்னிலையில், இந்த மேடையிலேயே சொல்லிவிட வேண்டும்.