ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, வார்டு சுற்றை முடித்த கையோடு வந்திருக்கும் இதயநோய் மருத்துவர் ஐயா அவர்களே, கல்லூரி முதல்வர் பெருமக்களே, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று பஸ் ஏறி வந்திருக்கும் உயிரித்தொழில்நுட்ப மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: தரவுத்தளங்களை இணைப்பது, இணைப்பில் நழுவுவது, கல்லூரிகளின் கணினி வசதி. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். தரவுக்கும் அதுதான் கணக்கு.

2009-இல் நேச்சர் ஜெனெட்டிக்ஸ் இதழில் வந்த ஆய்வில் நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு. தாராளமாகக் கைதட்டுங்கள்! இதயத் தசையின் மையோசின் பிணைப்புப் புரதம் சி, மரபணு எம்ஒய்பிபிசி3. அதில் 25 டி.என்.ஏ. எழுத்து விடுபட்டவர்கள் தெற்காசியரில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வர். இதயத் தசை நோயோடு அதற்குத் தொடர்பு கண்டார்கள்.

ஒரு மாணவி இதைத் தேடுகிறார் என்று வையுங்கள். யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் அணுகல் எண் கியூ14896 போட்டால் 1274 அமினோ அமிலப் புரதம் வருகிறது. புரதத்தின் பகுதிகளைக் காட்டும் இன்டர்ப்ரோவில் இம்யூனோகுளோபுலின், ஃபைப்ரோநெக்டின் பகுதிகள் வரிசையாகத் தெரிகின்றன. மரபணு மாற்றங்களுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைத் தொகுக்கும் கிளின்வாரிலிருந்து நோய் மாற்றங்களை இறக்கி, அமினோ அமில எண்ணை வைத்து இணைக்கிறார். பிழைச்செய்தி வராது. ஆனால் நம் 25 எழுத்து விடுபட்ட மாற்றம் அட்டவணையில் இருக்காது! காரணம், அது இன்ட்ரானில், அதாவது புரதமாக மாறாத இடைப்பகுதியில் இருக்கிறது. எக்ஸான் என்பது ஆர்என்ஏவில் தங்கும் பகுதி; 33-ஆம் எக்ஸானுக்கு முன்னே 41-ஆம் எழுத்திலிருந்து 17-ஆம் எழுத்து வரை. அதற்கு அமினோ அமில எண்ணே கிடையாது. எண்ணில்லாத வரி சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். அந்த எக்ஸான் விடுபட்டால் கெடுவது புரதத்தின் கடைசிப் பகுதியான சி10.

அதனால் டிரான்ஸ்கிரிப்ட் எண்ணையும் (மரபணுவின் ஆர்என்ஏ நகலுக்கான எண்) அதில் மாற்றம் இருக்கும் இடத்தையும் வைத்து இணையுங்கள்: என்எம்_000256.3. புள்ளிக்குப் பின்னுள்ள பதிப்பு எண்ணை விடாதீர்கள். இணைக்கும் முன் எத்தனை வரி, பின் எத்தனை வரி? எண்ணுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு! குரோமோசோம் இருப்பிடத்தால் இணைத்தால் இரு கோப்பும் ஜிஆர்சிஎச்38 என்ற மனித ஜீனோம் பதிப்புதானா பாருங்கள். ஒன்று 37 என்றால் இருப்பிட எண்கள் ஒத்துவராது. மரபணு மாற்றம் எத்தனை பேரிடம் உண்டு என்று காட்டும் நோமாட் தரவுத்தளத்தில் உலகச் சராசரியோடு நின்றுவிட வேண்டாம். அங்கே நம் மக்களின் அளவு கரைந்துபோகும். தெற்காசியர் வரிசையைத் திறங்கள்.

கணினி வசதி பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் பொறுத்தருள்க. முதல்வர் பெருமக்களிடம் ஒரே வேண்டுகோள். புராஜெக்ட் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் தரவுத்தளப் பதிப்பு, அணுகல் எண், ஜீனோம் பதிப்பு, இறக்கிய தேதி, இணைப்புக்கு முன்னும் பின்னும் வரி எண்ணிக்கை இருந்தாக வேண்டும். இவை இல்லாத அறிக்கையை அடுத்த ஆண்டு மாணவர் திரும்பச் செய்து பார்க்கவே முடியாது. இந்தப் பருவத்திலேயே உத்தரவிடுங்கள். படிவம் கொண்டுவந்திருக்கிறேன், மேடையிலேயே தருகிறேன்.