பல்லைப் புடுங்கியும் வலி போகல... அப்ப குற்றவாளி யாரு?

எங்க பெரியம்மாவுக்குக் கடவாய்ப்பல்லு வலி. கராம்பு வச்சுக் கடிச்சாங்க, கேக்கல. பல்லைப் புடுங்கினாங்க. பல்லு போச்சு, வலி போகல! அதுவும் எப்ப வருது தெரியுமா? தேயிலைக் கொழுந்துக் கூடையோட, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு ஏத்தத்துல ஏறும்போது மட்டும். உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல காணோம். நீங்க ஏறுறீங்களா இறங்குறீங்களான்னு பல்லுக்குத் தெரியுமா மக்களே? இதயத்துக்குத்தான் தெரியும், அதனால சந்தேகம் அது மேலதான்!

வணக்கம். தகரத்துல மழைச் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, ஹட்டன் பக்கம் இப்ப இப்படித்தான்.

(திரையில்: லய வரிசை)

நம்ம லயத்துல, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்ல, தனித்தனி விலாசம் இருக்கா? பல தோட்டத்துல இன்னும் இல்ல. எல்லாருக்கும் வர்ற கடிதம் தோட்டத்து ஒபிஸுக்கு ஒரே பையில வரும். ஒரே பேர்ல நாலு பேர் இருந்தா, அடிக்கடி கடிதம் வர்ற வீட்டுக்கே கொடுத்துட்டுப் போயிடுவாங்க. மூளையும் அப்படித்தான்! இதயத்துல இருந்து வேகஸ் நரம்பு கொண்டு வர்ற சேதியும், தாடையில இருந்து ட்ரைஜெமினல்ங்கிற நரம்பு கொண்டு வர்ற சேதியும் கழுத்துக்கு மேல கிட்டத்தட்ட ஒரே இடத்துல வந்து விழுது. தாடையில இருந்து தினமும் சேதி வரும். இதயம் வாழ்நாள் பூரா வாயே திறக்காத ஆளு. அதனால திடீர்னு அது எழுதின கடிதத்தையும் மூளை தாடை வீட்டுலயே கொடுத்துடுது. இந்த உவமைக்கே ஒரு லைக் போடலாம், சொல்லிட்டேன்.

கதை விடலங்க. 2007ல அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழ்ல வந்த ஆய்வுல, இதயத்துக்கு ரத்தம் குறைஞ்ச 186 பேரைப் பார்த்தாங்க. அதுல 11 பேருக்கு நெஞ்சு வலியே இல்ல, முகம், தாடை, தொண்டைப் பக்கம் மட்டும்தான் வலி.

சரி, பெரியம்மாவுக்கு ஈசிஜி எடுத்தா கோடு கோணலா இருக்கு. உடனே வீட்டுல அழுகை. பொறுங்க! நுவரெலியா குளிருல சட்டையைத் திறந்து படுத்தா உடம்பு நடுங்கும், அந்த நடுக்கமும் கோட்டுல விழும். கையில மாட்டுற வயர் மாறினாலும் கோடு தலைகீழாகும். எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, மொனிட்டர் மாட்டியிருக்கும்போதே பல்லு விளக்கினா, உயிருக்கு ஆபத்தான வேகத் துடிப்பு மாதிரியே திரையில ஓடும். நர்ஸ் ஓடி வந்தா, ஆளு வாய் நிறைய நுரையோட முழிச்சுக்கிட்டு இருப்பாரு! இந்த வீடியோவுல பல்லு நம்மளை விடவே விடாது போல.

ஆனா சும்மா படுத்திருக்கும்போது ஈசிஜி நல்லா வந்தாலும் நிம்மதி ஆயிடாதீங்க. ஏத்தத்துல வர்ற வலியைப் படுக்க வச்சா எப்படிப் பிடிக்கிறது? அதுக்குத்தான் நடக்க விட்டு ஈசிஜி. மாரடைப்பு சந்தேகம்னா ட்ரோபோனின்னு ரத்தச் சோதனை, சில மணி நேரம் கழிச்சுத் திரும்பவும்.

பல்லு வலின்னா ஆளு விரலை வச்சே எந்தப் பல்லுன்னு காட்டுவாரு, ஐஸ் தண்ணி பட்டா துள்ளுவாரு. இதய வலிக்காரர் தாடை முழுக்கத் தடவிக் காட்டுவாரு, பெரும்பாலும் ரெண்டு பக்கமும். சர்க்கரை வியாதி இருந்தா இன்னும் கவனம்.

தாடை இறுகி, வேர்த்து, மூச்சு வாங்கி, உக்காந்தும் அடங்கலையா? கராம்பைத் தேடாதீங்க, 1990க்கு அடிங்க, அம்புலன்ஸ் காசில்லாம வரும்.

பெரியம்மாவுக்கு அடுத்த வாரம் நடை ஈசிஜி. "என் பல்லைத் திருப்பிக் குடுங்கடா"ன்னு திட்டுறாங்க. உங்க வீட்டுலயும் இப்படி அநியாயமாப் போன பல்லு இருந்தா கமெண்ட்ல போடுங்க.