கட்சிக்குள் இருந்தே ஒரு மாற்றுக் குரல்

நேயர்களுக்கு வணக்கம்.

2008 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு இன்னும் 16 நாள்தான். தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில் காலின் பவல் உட்கார்ந்திருக்கிறார். முன்னாள் ராணுவத் தளபதி, குடியரசுக் கட்சிக்காரர், ஜார்ஜ் புஷ் அரசின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். அவர் கட்சியின் வேட்பாளர் ஜான் மெக்கெயின் அவருக்குப் பல வருட நண்பர். ஆனாலும், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஒபாமாவுக்கே தன் வாக்கு என்று அன்று சொன்னார்.

சொன்ன காரணங்களில் ஒன்று என் மனதை விட்டு அகலவில்லை. ஒபாமா ஒரு முஸ்லிம் என்று அப்போது வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. இல்லை, அவர் கிறிஸ்தவர் என்று மறுத்துவிட்டுப் போயிருக்கலாம். பவல் அதைச் சொன்னார், அதோடு நிற்கவில்லை. முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன, இந்த நாட்டில் அது ஒரு குற்றமா என்று கேட்டார். பிறகு, தான் பார்த்த ஒரு படத்தைப் பற்றிப் பேசினார். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் ஒரு தாய், மகனின் நடுகல்லில் தலை சாய்த்திருக்கிறார். கல்லில் பிறையும் நட்சத்திரமும். ஈராக்கில் உயிர் விட்ட அந்தப் பையனுக்கு வயது 20.

அந்தப் போருக்காக 2003இல் ஐ.நா. சபையில் வாதாடியவரும் இதே பவல்தான். அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் தன் கட்சிக்குள் பரவிய ஒரு விஷத்தைப் பெயர் சொல்லிச் சுட்டிக்காட்ட அன்று அவருக்கு மனம் வந்தது. இருவரும் கறுப்பினத்தவர் என்பதால், நிறம் பார்த்துத்தான் ஆதரித்தார் என்று சிலர் பேசினார்கள். நிறம்தான் காரணம் என்றால் பல மாதம் முன்பே ஆதரித்திருப்பேனே என்று அவர் அந்தப் பேட்டியிலேயே சொல்லியிருந்தார். கட்சியையும் விடவில்லை. 2021 ஜனவரியில் நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட பிறகுதான், இனி என்னைக் குடியரசுக் கட்சிக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்றார்.

அதே 2008இல் எதிர்த்திசையிலும் ஒருவர் போனார். ஜோ லீபர்மன், 2000இல் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர். ஈராக் போரை ஆதரித்ததால் 2006இல், நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் சொந்தக் கட்சியின் உட்தேர்தலில் தோற்றார். அப்புறம் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். செனட்டில் ஜனநாயகக் கட்சியினரோடுதான் இருந்தார், ஆனால் மெக்கெயினை ஆதரித்துக் குடியரசுக் கட்சி மாநாட்டு மேடையிலேயே பேசினார். எனக்கு அவர் கருத்தோடு உடன்பாடில்லை. ஆனால் மனதில் பட்டதை ஒளிக்காமல் சொன்னார் என்பதை மதிக்கிறேன்.

ஒபாமா வென்றதும், லீபர்மனின் செனட் குழுத் தலைவர் பதவியைப் பறிக்க வேண்டும் என்று கோபக் குரல்கள் எழுந்தன. ஒபாமா பழிவாங்க விரும்பவில்லை. ஜனநாயகக் கட்சி செனட்டர்களின் வாக்கெடுப்பில் 42க்கு 13 என்று பதவி தப்பியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதா செனட்டுக்கு வந்தது. எதிர்ப்பாளர்கள் விவாதத்தை முடியவிடாமல் போடும் முட்டுக்கட்டையைத் தாண்ட 60 வாக்கு வேண்டும். அரசே நடத்தும் காப்பீட்டுத் திட்டத்தை எடுத்தால்தான் ஆதரிப்பேன் என்று லீபர்மன் பிடிவாதம் பிடித்தார், அது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் மசோதாவுக்குச் சரியாக 60 வாக்குதான் கிடைத்தது. அதில் ஒன்று அவருடையது.