இரத்தக் குழாயின் உட்சுவரில் சி.எம்.வி.: புண் ஏன் வருகிறது, டோஸ் ஏன் முக்கியம்?

[காட்சி: கொலோனோஸ்கோப்பியில் பெருங்குடல். ஆழமான ஒரு புண்.]

சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ஒருவருக்கு, வைரஸ் தடுப்பு மாத்திரை நிறுத்திய சில வாரங்களில் வயிற்றுப்போக்கு, அதோடு இரத்தம். உள்ளே இப்படி ஒரு புண். ஆனால் இரத்தத்தில் செய்த பி.சி.ஆர். பரிசோதனையில் வைரஸ் இல்லை. அப்படியானால் இது சைட்டோமெகலோ வைரஸ், அதாவது சி.எம்.வி., இல்லையா? இருக்கலாம். காரணம் இரத்தக் குழாயின் சுவரில் இருக்கிறது.

[காட்சி: நுண்குழாயின் குறுக்குவெட்டு.]

இரத்தம் உரசிக்கொண்டு ஓடும் இந்த ஒற்றை வரிசைச் செல்கள்தான் எண்டோதீலியம். பலருக்கும் சி.எம்.வி. எப்போதோ தொற்றி, எலும்பு மஜ்ஜைச் செல்களில் உறங்கிக் கிடக்கும். அதை அடக்கி வைப்பவை டி செல்கள் எனும் எதிர்ப்பாற்றல் செல்கள். மாற்று உறுப்பைக் காப்பாற்றக் கொடுக்கும் மருந்துகள் அந்த டி செல்களைத்தான் தளர்த்துகின்றன. விழித்த வைரஸ், ஐந்து புரதங்கள் சேர்ந்த ஒரு சாவியால் எண்டோதீலியத்தைத் திறக்கிறது.

[காட்சி: வீங்கிய செல். செல்லின் உட்கருவுக்குள் ஆந்தைக் கண் போன்ற புள்ளி.]

தொற்றிய செல் பல மடங்கு பருத்து, குழாயின் வழியை அடைக்கிறது. அதன் மேற்பரப்பு பிசுபிசுப்பாகி வெள்ளையணுக்களைப் பிடித்து நிறுத்துகிறது. இரத்தம் உறையவும் தூண்டுகிறது. அந்தக் குழாயை நம்பியிருந்த திசு இரத்தமின்றிச் சாகிறது. குடல் புண் இவ்வளவு ஆழமாக இறங்குவதும், சில சமயம் ஓட்டையே விழுவதும் இதனால்தான். ஒட்டிய வெள்ளையணுக்களோ வைரஸை ஏற்றிக்கொண்டு அடுத்த உறுப்புக்குப் போகின்றன.

பயாப்சி, அதாவது திசு மாதிரி, எடுக்கும் இடமும் இதிலிருந்தே தெளிவாகும். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வேறொரு வைரஸ் மேற்பரப்புச் செல்களில் இருப்பதால் புண்ணின் ஓரத்தில் கிடைக்கும். இரத்தக் குழாய்ச் செல்களில் இருக்கும் சி.எம்.வி.க்குப் புண்ணின் அடித்தளத்திலிருந்து எடுக்க வேண்டும், அதுவும் பல துண்டுகள். ஆந்தைக் கண் தெரியாவிட்டாலும் வைரஸின் புரதத்தைக் காட்டும் இம்யூனோ சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே சி.எம்.வி. எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்குக் குடலில் நோய் முற்றியிருந்தும் இரத்தத்தில் வைரஸ் தெரியாமல் போவதுண்டு. எதிர்ப்பொருள் இல்லாதவர், அது உள்ளவரிடமிருந்து உறுப்பு பெற்றால்தான் ஆபத்து மிக அதிகம். அவர்களிடம் பொதுவாக இரத்தத்திலேயே பிடிபடும்.

[காட்சி: சொட்டு மருந்து, மாத்திரை.]

சிகிச்சை: கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சிரை வழியாக. நோய் கடுமையாக இல்லாமல், குடலும் மருந்தை உறிஞ்சும் நிலையில் இருந்தால் அதன் மாத்திரை வடிவமான வால்கான்சிக்ளோவிர் 900 மி.கி., நாளுக்கு இருமுறை, உணவோடு. இவை சிறுநீரகம் சரியாக வேலை செய்பவருக்கான அளவு. சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 40 முதல் 59 மி.லி. வரை என்றால் 450 மி.கி. இருமுறை, 25 முதல் 39 வரை என்றால் ஒருமுறை. குறைந்தது 2 வாரம், அறிகுறி நீங்கி வைரஸும் அடங்கும்வரை.

பெரிய தவறு நடப்பது இங்கேதான். மருந்தால் வெள்ளையணு குறைகிறது. உடனே பாதி டோஸாக்கிவிடுகிறார்கள். அரைகுறை டோஸில் பெருகும் வைரஸ் யு.எல்.97 மரபணுவில் மாறி, மருந்துக்கு அடங்காததாகிவிடும். முதலில் எதிர்ப்பாற்றலைத் தளர்த்தும் மைக்கோஃபினோலேட் போன்ற மற்ற மருந்துகளைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள், தேவைப்பட்டால் வெள்ளையணுவைப் பெருக்கும் ஜி-சி.எஸ்.எஃப். ஊசி.

பி.சி.ஆர். வாரம் ஒருமுறை, ஒரே ஆய்வகத்தில், ஒரே வகை மாதிரியில். 3 மடங்குக்குக் குறைவான ஏற்ற இறக்கத்தை மாற்றமாகக் கொள்ள வேண்டாம். முதல் வாரத்தில் எண் சற்று ஏறினாலும் பதறாதீர்கள். முழு டோஸில் 2 வாரம் கடந்தும் இறங்கவில்லை என்றால், வைரஸ் மருந்துக்கு அடங்காததாகிவிட்டதா என்று காட்டும் எதிர்ப்புத் திறன் பரிசோதனை.

அடங்காத வைரஸுக்கு 2021 முதல் மாரிபாவிர் இருக்கிறது. ஆனால் கான்சிக்ளோவிரைச் செல்லுக்குள் செயல்பட வைக்கும் அதே யு.எல்.97 நொதியைத்தான் அது முடக்குகிறது. எனவே இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. கண்ணின் விழித்திரையில் நோய் இருந்தால் மாரிபாவிரை நம்ப முடியாது. பார்வையில் மிதக்கும் புள்ளிகள், மங்கல் என்று நோயாளி சொன்னால் அன்றே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.