மலையிலிருந்து வந்த மணல்

நேயர்களுக்கு வணக்கம்.

குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும், கேரள எல்லை தாண்டிக் கொல்லம் பக்கம் சவறையிலும் கரை கறுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கருமணல் கடலுக்குச் சொந்தம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது நம் மலையிலிருந்து வந்தது.

ஒரு கை அள்ளி வெயிலில் பாருங்கள். கறுப்பாக மினுங்குவது இல்மனைட். இளஞ்சிவப்பு கார்னெட். நிறமில்லாமல் பளிச்சிடுவது சிர்கான். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேன் நிறத்தில் தெரிவது மோனசைட். இந்தக் கனிமங்கள் எல்லாம் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், பாறையோடு பாறையாக விளைந்தவை. அந்தப் பாறை கடைசியாக வெந்து இறுகி ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மேலெழுந்து இன்று மேற்குத் தொடர்ச்சி மலையாக நிற்கிறது.

மழையிலும் வெயிலிலும் பாறை உளுக்கும்போது பெரும்பகுதி களிமண்ணாகிவிடும். இந்த மணிகள் மட்டும் அழியாது. கோதையாறும் பறளியாறும் கலந்து குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடல் சேர்கின்றன அல்லவா, அப்படிப்பட்ட ஆறுகள்தான் இவற்றைக் கொண்டு வந்தன. அப்புறம் அலையின் வேலை. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், வெள்ளை மணலுக்கு 2.65, இல்மனைட்டுக்கு 4.7, மோனசைட்டுக்கு 5க்குப் பக்கம். முறத்தில் புடைப்பதுபோல அலை லேசானதைத் தள்ளிவிட்டுக் கனமானதைக் கரையில் நிறுத்துகிறது. ஆனி, ஆடியில் கடல் சீறும்போது வெள்ளை மணல் அரித்துப் போய், கறுப்பு அடுக்கு வெளியே தெரிவது இதனால்தான்.

சில மணிகள் இன்னும் தூரம் போயின. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதிலுள்ள தோரியம் அப்போது கேஸ் விளக்கில் ஒளிவிடும் வலையான மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் ஆலை வந்துவிட்டது.

சரி, மலை இன்றும் உளுக்கிறது, ஆறும் ஓடுகிறது. ஆனால் கோதையாற்றின் குறுக்கே 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணைக்குப் பின்னால் படிகிற வண்டலில், கடலுக்குப் போக வேண்டிய மணலும் இருக்கிறது. போதாததற்கு ஆற்றிலும் மணல் அள்ளினோம். கடல் அரிப்பு என்றதும், கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு வேண்டும் என்று கூட்டத்தில் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான், வீடு போகிறதே. அதே கூட்டத்தில், ஆற்று வழியாக வர வேண்டிய மணல் எங்கே நின்றுபோனது என்றும் யாராவது எழுந்து கேளுங்கள்.