காக்கிக் களிசானும் காய்ச்சல் பரிசோதனையும்
(ஹட்டனில் ஒரு பாடசாலை விஞ்ஞான மன்ற விழாவில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, முழங்கால் வலியோடும் படியேறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்விப் பணிப்பாளர் ஐயா அவர்களே, அதிபர் அவர்களே, பொன்னாடையைச் சொந்தச் செலவில் வாங்கிய பழைய மாணவர் சங்கச் செயலாளர் அவர்களே, அரைப்பேரோடு கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்திருக்கும் தாய்மாரே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

வெளுத்ததெல்லாம் பாலல்ல என்று எங்கள் அப்பாயி அடிக்கடி சொல்வார். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரிகளைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன். முதலாவது, அவை ஆளைப் பார்ப்பதில்லை, அடையாளத்தைப் பார்க்கின்றன.

எங்கள் லயத்தில் மணி என்று ஒரு நாய். ஒருநாள் கங்காணி அதை உதைத்துவிட்டார். காக்கிக் களிசான் போட்டிருந்தார். அன்றிலிருந்து காக்கியைக் கண்டால் மணி விடாது. தபால்காரரைத் துரத்தியது. சாரணர் உடுப்போடு வந்த என் அண்ணனைக் கொய்யா மரத்தில் ஏற்றியது. கொடியில் காய்ந்த களிசானைப் பார்த்துக்கூட அரை மணி நேரம் குரைத்தது! அப்புறம் திருவிழாவுக்குக் கங்காணி வேட்டி கட்டி வந்தார். மணி வாலை ஆட்டியது.

1916இல் வைல், பீலிக்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டதும் இதுதான். டைபஸ் என்ற காய்ச்சல் கண்டவரின் நீர்ப்பாயம், அதாவது பிறபொருளெதிரிகள் இருக்கும் தெளிந்த இரத்த நீர், டைபஸுக்குச் சம்பந்தமே இல்லாத புரோட்டியஸ் பக்டீரியாவைத் திரளவைத்தது. இரண்டு கிருமிக்கும் மேலுடுப்பில் ஒரே காக்கித் துண்டு. டைபஸ் கிருமி உயிருள்ள கலத்துக்குள்தான் வளரும், வளர்ப்பது சிரமம். அதனால் புரோட்டியஸை வைத்தே டைபஸ் வகையான உண்ணிக் காய்ச்சலைத் தேடினார்கள். ஆனால் புரோட்டியஸால் சிறுநீர்த் தொற்று வந்தவருக்கும் திரளலாம். வெளுத்ததெல்லாம் பாலல்ல.

இரண்டாவது, நிஜத்தை எப்படிப் பிரிப்பது? 1902இல் கஸ்டெலானி என்ற இத்தாலிய மருத்துவர் வழி சொன்னார். அடுத்த வருடமே இலங்கைக்கு வந்து கொழும்பில் வேலை பார்த்தவர். நீர்ப்பாயத்தில் உறவுக் கிருமியைக் கலந்து, அதில் ஒட்டிய பிறபொருளெதிரிகளை அதோடு படியவைத்து நீக்க வேண்டும். மேலே தெளிந்ததை 20, 40, 80 மடங்கு ஐதாக்கி நாம் தேடும் கிருமியோடு சேர்த்து, திரள்கிறதா என்று பார்க்க வேண்டும். தபால்காரரைத் துரத்துகிற நாய்களை அவர் பின்னாலேயே அனுப்பிவிடுவது மாதிரி. அதற்குப் பிறகும் கங்காணியைப் பார்த்துக் குரைக்கிற நாய்தான் கங்காணியை அறிந்த நாய்.

மூன்றாவது, பிறபொருளெதிரி கிருமியோடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைகிறது என்பது. சரி, அதை வாயால் சொல்லிப் பயனில்லை, செய்துகாட்ட வேண்டும். எங்கே செய்வது? எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் ஆய்வுகூடம் திறந்து, கல்வெட்டும் பதித்தார்கள். இன்று உள்ளே உடைந்த கதிரைகள். பெயர் வேண்டாம். வெளுத்ததெல்லாம் பாலல்ல, கல்வெட்டு வைத்ததெல்லாம் ஆய்வுகூடமும் அல்ல. தமிழில் உயர்தர உயிரியல் படிக்க நம் பிள்ளை இரண்டு பஸ் மாறுகிறது.

பணிப்பாளர் ஐயா, நுணுக்குக்காட்டி இரண்டு, மையநீக்கி ஒன்று, உயிரியல் ஆசிரியர் ஒருவர். மனு என் பையில் இருக்கிறது. தேநீர் குடிக்கும்போது தருகிறேன். பேனாவும் கொண்டுவந்திருக்கிறேன்.