பதில் திரும்பி வரும் வழி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வகுப்பறைக்கு வெளியேயும் பிள்ளைகள் படிக்க எந்தக் கருவி நல்லது, எந்தச் செயலி நல்லது என்று பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். நான் அவர்களிடம் முதலில் கேட்பது வேறொன்று. அந்தக் கருவி வழியாகப் பிள்ளை பதில் சொன்னால் அது யார் காதில் விழும்? கேட்க ஒருவர் இருந்தால் பழைய போன்கூடப் போதும். யாரும் இல்லையென்றால், விலை உயர்ந்த டேப்லெட்டும் பாடத்தைச் சொல்லிவிட்டு அதன் வேலை முடிந்தது என்று நின்றுவிடும்.

இது இணையம் வந்த பிறகு எழுந்த கேள்வி இல்லை. ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்து 1951-இல் வானலைப் பள்ளி ஒன்று தொடங்கியது. சுற்றிலும் பரந்துகிடந்த கால்நடைப் பண்ணைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் போய்வரும் தொலைவில் பள்ளிக்கூடமே கிடையாது. ஆனால் அவசரத்துக்கு விமானத்தில் பறந்து வரும் மருத்துவரைக் கூப்பிடுவதற்காகப் பண்ணை வீடுகளில் ரேடியோ கருவி வைத்திருந்தார்கள். நம் வீட்டு வானொலி போல அது கேட்க மட்டுமே ஆனதில்லை, அதில் பேசவும் முடியும். அந்த வழியாகவே பாடத்தையும் அனுப்பினார்கள். தொடக்கத்தில் ஆசிரியர் மட்டும் பேச, பிள்ளைகள் கேட்டார்கள். கொஞ்ச நாளிலேயே பாடத்தின் முடிவில் கேள்வி பதிலுக்கு நேரம் ஒதுக்கிவிட்டார்கள். என்னைக் கேட்டால், அது பள்ளியானது அந்த மாற்றத்துக்குப் பிறகுதான்.

சரி, திரும்பப் பேச வழியே இல்லாத கருவியை வைத்து என்ன செய்வது? இப்போது நான் பேசுவதும் அப்படிப்பட்ட ஒன்றின் வழியாகத்தான். உங்களிடம் ஒரு சின்னக் கணக்குக் கேட்கிறேன். 17-ஐயும் 26-ஐயும் கூட்டினால் எவ்வளவு?

(சற்று நேரம் மௌனம்)

43.

அந்த மௌனத்தில் உங்களில் பலர் மனசுக்குள் கூட்டியிருப்பீர்கள். 1970-களில் நிகரகுவா நாட்டின் ஆரம்பப் பள்ளிகளுக்காக அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் வானொலிக் கணிதப் பாடங்களை உருவாக்கியபோது இந்த உத்தியைத்தான் நம்பினார்கள். வானொலி கேள்வி கேட்கும், கொஞ்சம் காத்திருக்கும், பிள்ளைகள் உரக்கப் பதில் சொல்வார்கள், அப்புறம் சரியான விடை வரும். பிள்ளைகள் சொன்னது அந்தப் பெட்டிக்குக் கேட்காது. ஆனாலும் தான் சொன்னது சரியா தவறா என்று பிள்ளைக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிடும்.

பதில் சொல்வதில் அப்படி என்ன இருக்கிறது என்று தோன்றலாம். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியைப் படித்த பிறகு, சிலர் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி படித்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் போனதும் நிலைமை தலைகீழ். மறுபடி படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான் மிஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிள்ளை, ‘எல்லாம் புரிகிறது’ என்று நம்பிக்கையாகச் சொல்லிவிட்டுத் தேர்வில் திணறுவது ஏன் என்பதற்கு இதில் பெரிய அளவு விளக்கம் இருக்கிறது.

காணொளியை நான் குறைத்துச் சொல்லவில்லை. வகுப்பில் ‘இன்னொரு தடவை சொல்லுங்கள்’ என்று கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, தன் வேகத்தில் கேட்பது பெரிய விடுதலை. கான் அகாடமி என்ற இணையப் பள்ளியை நிறுவிய சல்மான் கானின் (நடிகர் இல்லை, இவர் வேறு) யூடியூப் பாடங்களை உலகமே பார்த்தது. அவை 2006-இல் வந்தவை. அதற்கு முன்பே, 2004-இல், தூரத்து ஊரிலிருந்த உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைபேசியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் அவர் தொடங்கினார். அந்தச் சிறுமி தடுமாறினால் அவர் காதில் விழும். காணொளி வந்ததும் கோடிக்கணக்கானவர்களுக்குப் பாடம் போய்ச் சேர்ந்தது, தடுமாற்றம் மட்டும் திரும்பி வரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பப் பயிற்சிக் கணக்குகளும் தேவைப்பட்டன.

2011-இல் ஸ்டான்ஃபோர்டு இணையத்தில் இலவசமாக நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்குச் சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். ஒரே வகுப்பில் இருபதாயிரம் பேர் தேறுவது மகத்தான காரியம்தான். பாதியில் விட்டவர்கள் எந்த இடத்தில் தடுக்கி நின்றார்கள் என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்க மட்டும் அங்கே ஆள் இல்லை.

இனி, சாதாரண ஆசிரியர் ஒருவர் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். பாடம் முடிந்த அன்று மாலை, பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கொடுங்கள். புத்தகத்தைப் பார்க்காமல், ஒரு நிமிஷத்துக்குள், குரல் செய்தியாகப் பதில் அனுப்பச் சொல்லுங்கள். ‘நிலா ஏன் தேய்ந்து வளர்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் தலையாட்டிய பிள்ளைகளில் சிலர், ‘பூமியோட நிழல் நிலா மேல விழுது சார்’ என்பார்கள். அது கிரகணம். அந்தப் பிள்ளை எங்கே குழம்பியிருக்கிறது என்பது தேர்வுத்தாளில் தெரிவதற்குள் மூன்று மாதம் ஓடியிருக்கும். இங்கே அன்றைக்கே தெரிகிறது.

தெரிந்த பிறகு உடனே விளக்கம் அனுப்ப வேண்டாம். வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வளர்பிறையின் தொடக்கத்தில் சூரியன் மேற்கே மறைந்த சற்று நேரத்தில் பிறையும் அதே மேற்கில் நிற்கும். பூமியின் நிழலோ சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் விழுவது. அது பிறையிடம் எப்படிப் போகும்? நாள்தோறும் அதே நேரத்தில் நிலா கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே தள்ளி நிற்கும், கூடவே வளரும். பௌர்ணமியன்று சூரியன் மறையும் வேளையில் கிழக்கே எழும். போன் கேமராவில் நிலா வெறும் வெள்ளைப் புள்ளியாகத்தான் விழும் என்பதால், நோட்டில் கையால் வரைந்து, தேதி போட்டு, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்வது நல்லது. இரண்டு வாரம் போனதும் அதே கேள்விக்கு மறுபடி ஒரு குரல் செய்தி. இரண்டையும் பிள்ளையே அடுத்தடுத்துக் கேட்கட்டும்.

நாற்பது பிள்ளைகளின் செய்தியை ஒருவர் எப்படிக் கேட்பது என்ற கவலை நியாயமானது. தினமும் எல்லாரும் அனுப்ப வேண்டாம். நாளுக்கு எட்டுப் பேர் என்று முறை வைத்தால் வாரத்தில் ஐந்து நாளில் எல்லாருடைய குரலும் வந்துவிடும். எட்டு நிமிஷ வேலை. குழப்பங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும், ஒரு பதில் பலருக்குப் போதும். செய்திகளைப் பொதுக் குழுவில் போட வைக்காதீர்கள், ஆசிரியருக்கு மட்டும் வரட்டும். தப்பாகச் சொல்லி நாலு பேர் சிரித்துவிட்டால் அந்தப் பிள்ளை அப்புறம் வாய் திறக்காது. வீட்டில் ஒரே போன் இருந்து, அதுவும் அப்பாவோ அம்மாவோ வேலை முடிந்து வந்த பிறகுதான் கையில் கிடைக்கும் என்றால் இரவு வரை நேரம் கொடுங்கள். போனே இல்லாத பிள்ளைக்கு மறுநாள் காலை, வகுப்பு தொடங்குவதற்கு முன்னால், அந்த ஒரு நிமிஷத்தை நேரில் ஒதுக்கிக் கேளுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.